நான்கு பாட்டரி, ஏழு வண்டி

நவம்பர் முதல் தேதி எங்கள் டிப்போவில் திருவிழா. கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டிகள் தயாரா என்று பார்க்க மாவட்டத்திலிருந்து குழு வரும். அதற்கு இரண்டு நாள் முன்பே பனித்தகடுகளுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிடுவோம். எஞ்சினுக்கு எண்ணெய் இருக்கிறதோ இல்லையோ, பெயின்ட் மட்டும் குறைவில்லாமல் வரும்.

வண்டிகள் ஏழு: நாலு லாரி, மூன்று டிராக்டர். உயிருள்ள பாட்டரி நான்குதான். குழு முதல் வண்டியிலிருந்து வரிசையாக நடந்து வரும். ஒன்றை ஓட்டிக் காட்டி அணைத்ததும், இரண்டு பேர் அதன் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடி ஐந்தாவது வண்டியில் மாட்டுவார்கள். அடுத்தது ஆறுக்கு, அதற்கடுத்தது ஏழுக்கு. ஏழும் உறுமும். குழு ஏழும் தயார் என்று எழுதிவிட்டு ஆட்டுக்கறி சாப்பிடப் போகும். தயார் என்று எழுதின வண்டிக்கு எவன் புதுப் பாட்டரி அனுப்புவான்? ஆறு வருஷமாக இந்தக் கூத்து. ஓட்டத்துக்குத் தலைவன் நான்தான், ரிஸ்கெல்தி, டிப்போ மெக்கானிக்.

போன வருஷம் கூத்து முடிந்து பாட்டரிகளைத் திரும்ப மாட்டும்போது எனக்குக் கறியின் மேல் கண். அவசரத்தில் செத்த பாட்டரி ஒன்றை மூன்றாம் நம்பர் லாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நம்பரை ஓட்டுவது எசென்குல், என் அக்கா ஜிபாரின் புருஷன். குளிர்காலம்தானே என்று தினமும் சரிவில் உருட்டிவிட்டே எஞ்சினை எடுத்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் கணவாய் உச்சியில், புயலுக்கு நடுவில் எஞ்சின் நின்றது. திரும்ப எடுக்கவில்லை. பதினொரு கிலோமீட்டர் நடந்து இறங்கினார். வலது கையில் மூன்று விரல் போனது. குளிர் பாட்டரியைத் தின்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பாட்டரியைக் கழற்றிப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷமும் அதே லாரி, அதே கணவாய், அதே மனுஷன். இனி ஒருவனும் அந்தப் பாட்டரியைத் தொடக்கூடாது. அதனால் நவம்பர் முதல் தேதி எல்லோருக்கும் முன்னால் வந்து, முதல் நான்கு வண்டிகளிலும் நல்ல பாட்டரிகளை வைத்தேன். ஈரச் சாக்கால் மூடி, குறுக்கே இரும்புப் பட்டை வைத்து, இரு முனையையும் வண்டிச் சட்டத்தோடு வெல்டு வைத்தேன். பிறகு வயரை மாட்டிவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.

பத்து மணிக்குக் குழு வந்தது. முதல் வண்டி உறுமியது, அணைந்தது. கொட்டகையிலிருந்து ஓடி வந்த இருவரும் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு முழித்தார்கள். நாலாவது வரை எல்லாம் ஓடியது. ஐந்தாவது டிராக்டர் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

குழுத் தலைவர் நல்ல கம்பளிக் கோட்டும் நிதானமும் உள்ள மனிதர். கோபப்பட்டிருந்தால்கூட மரியாதை வந்திருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாங்க உள்ள போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றோம். அதுக்குள்ள பாத்துக்குங்க."

எல்லாம் தெரிந்துதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் உள்ளே போனதும் மேலாளர் தோரோன்பெக் என் சட்டையைப் பிடித்தார். "எந்தக் கழுதை சொல்லிடா வெல்டு வச்ச? என் மானத்த வாங்கவா?"

"அதை வாங்குறதுக்கு எந்தக் கடைக்குப் போகணும்னு தெரியலயே" என்றேன்.

"கிரைண்டர எடுங்கடா! நாலையும் அறுங்க!"

யாரும் நகரவில்லை. அப்போது கிரைண்டரைத் தூக்கியது எசென்குல். மிச்சமிருந்த இரண்டு விரலில் கைப்பிடியை இடுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தன் லாரியிடம் வந்தார்.

"ஏன் மாப்ள இன்னிக்கு முறுக்கிக்கிட்டு நிக்கற? அரை மணி நேரக் கூத்து. முடிஞ்சா ஆளுக்கு ஒரு எலும்பு. நகரு."

"மச்சான், அத வைங்க."

"தோரோன்பெக் அண்ணே அழுதுருவாருடா பாவம். நகருடா."

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். கிரைண்டர் சுழல ஆரம்பித்தது. தன் உயிரைக் கட்டிவைத்திருந்த பட்டையைத் தானே அறுக்கப் போனார். நான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

"அறுத்துட்டு? திரும்ப யாரு மாட்டுவா? நான்தானே? போன வருஷமும் நான்தான் மாட்டுனேன்! செத்தத உங்க லாரியில வச்சிட்டு நல்லத டிராக்டர்ல வச்சேன். குளிர் ஒண்ணும் திங்கல மச்சான். கறி ஆறிடும்னு ஓடுனேன். உங்க வெரல நான்தான் தின்னேன்!"

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். சிரிப்பு நின்றது. தோரோன்பெக் என் சட்டையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

எசென்குல் கிரைண்டரை மெதுவாகக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பிப்ரவரியிலேயே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில எனக்கு சூப்பு ஊட்டுனியே, அப்பவும்?"

"அப்பவும்."

குழுத் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "என்னப்பா, ஆரம்பிக்கலாமா?"

எசென்குல் அவர் முன்னால் போய் நின்றார். "ஓடுறது நாலு. நாலுன்னு எழுதுங்க."

"நாலுன்னா எனக்கும் தலைவலி, உங்களுக்கும்..."

"எழுதுய்யா!"

இருபது வருஷத்தில் அவர் ஒரு அதிகாரியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தலைவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து நாலு என்று எழுதினார். ஆட்டுக்கறி அடுப்பிலேயே கொதித்துக் கிடந்தது. அவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

தோரோன்பெக்கை ஆசை தீரத் திட்டலாம் என்று திரும்பினேன். மச்சான் குறுக்கே நின்றார்.

"அவனை அப்புறம் திட்டு. உங்கக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"இப்பவே போ."

அவர்கள் வீடு டிப்போவிலிருந்து பத்து நிமிஷம். வழியெல்லாம் தோரோன்பெக்கையும் கம்பளிக் கோட்டையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். வீடு நெருங்க நெருங்கத் திட்டுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. கதவைத் தட்டினேன்.

அக்கா கையெல்லாம் மாவோடு திறந்தாள். வேலை நேரத்தில் நான் தனியாக நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"என்னடா, மச்சானுக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிருச்சா?"