அக்கரைக்கு இரண்டு பேர்

செத்தவர் வாயில் படகுக்கூலி வைத்து அனுப்புவது சவுக் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஒரு பழைய காசு போதும். ஓன் யிக்கு மனசு கேட்கவில்லை. எண்ணெய்க் கிணற்றில் முதுகொடிய உழைத்த மனுஷன், ஆற்றைக் கடக்கையில் கூலி பேசிக்கொண்டு நிற்பதா? எழுபத்தைந்து கியாட் நோட்டையே மடித்துப் புருஷன் பா தின் வாயில் வைத்தாள்.

"காசு வச்சா ஆகாதாக்கும். பெருமைக்காரி!" என்று பக்கத்து வீட்டுத் தான் ஞுன் முணுமுணுத்தது அவள் காதில் விழத்தான் செய்தது.

ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போடுவதற்குள் ரேடியோ இடியை இறக்கியது. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது, மாற்றியும் தரமாட்டார்கள். பாவிகள்! சந்தையே வயிற்றில் அடித்துக்கொண்டது. ஓன் யிக்கு மண்ணுக்குள் போன அந்த ஒரு நோட்டின் நினைவுதான்.

அன்று விளக்கேற்றும் நேரத்தில் வாசலில் கச்சா எண்ணெய் வாடை அடித்தது. வேலை விட்டு வந்ததும் பா தின் படியில் காலைத் தட்டுவானே, அதே சத்தம். கதவைத் திறந்தாள். யாருமில்லை. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல் மட்டும் வந்தது.

"படகுக்காரன் வாங்க மாட்டேங்குறான், ஓன் யி. செல்லாதாம்."

பிக்குகள் வந்து ஓதிப் போன பிறகும் நிற்கவில்லை. நாள் தவறாமல் அதே வாடை, அதே பேச்சு. தான் ஞுன்னிடம் சொல்லிப் புலம்பினாள்.

"செத்தவனைக்கூட விடலையேடி இந்த சர்க்காரு!" என்றாள் தான் ஞுன். பெருமையைப் பற்றி அவள் பிறகு வாய் திறக்கவே இல்லை.

மாதக் கடைசியில், சந்தையில் ஓன் யி விற்கிற பலகாரத் தட்டில், சர்க்கார் புதுசாக அடித்த ஒரு நாற்பத்தைந்து கியாட் நோட்டு விழுந்தது. முன்பக்கம் முப்பத்தெட்டாம் வருஷ எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத் தலைவரின் முகம். அந்த வேலைநிறுத்த ஊர்வலத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்து போன கதையைப் பா தின் சொல்லிச் சொல்லி அவள் காதே புளித்திருந்தது. திருப்பினாள். எண்ணெய் வயலும், கயிறு பிடித்த தொழிலாளியும். பா தின்னின் அதே கூன் முதுகு. நோட்டை மடித்துத் தனியே எடுத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் வாடை வந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஆற்றுத்துறைக்கு நடந்தாள். வாடை கூடவே வந்தது.

"அக்கரைக்கு ரெண்டு பேர்," என்று நோட்டை நீட்டினாள்.

"நீ ஒருத்திதானேக்கா நிக்கிறே?" என்றான் படகுக்காரன்.

"ரெண்டு பேர். பாக்கி வேணாம்."

அவன் காலிப் பலகையைப் பார்த்தான். படகு அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. நோட்டை மடியில் செருகிக்கொண்டு துடுப்பை எடுத்தான்.

அக்கரை மணலில் இறங்கியதும், 'போயிட்டு வாங்க' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"போங்க," என்றாள்.

வாடை அவளைத் தாண்டி மணல்மேட்டில் ஏறிப் போயிற்று.

மறுநாள் விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். ஆற்றுக்காற்று மட்டும் உள்ளே வந்தது. அந்த நோட்டைப் படகுக்காரனிடம் கொடுக்காமலே இருந்திருக்கலாமே, வாடையாவது தினமும் வந்திருக்குமே என்று, புருஷன் செத்த அன்றுகூட அழாத அழுகையை அன்றுதான் அழுதாள்.