மறைப்புக்குப் பின்னால் போன மருத்துவச்சி

அந்த ஏப்ரல் ஞாயிறு, மாதாகோவில் பூசை முடிந்த கையோடு ஊரே பள்ளிக்கூடத்துக்குத் திரண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேர்ந்தது சரிதானா, தலைவரை ஆதரிக்கிறீர்களா என்று கேட்கும் வாக்கெடுப்பு. யாரும் யாரையும் இழுத்துப் போகவில்லை. தென் ஜெர்மனியின் அந்தப் பவேரியச் சிற்றூரில் நடக்க முடியாத கிழவர்கள்கூட நாற்காலியில் வைத்துத் தூக்கி வரச் சொன்னார்கள்.

ஆறு மாதக் கர்ப்பிணி அஃப்ராவுக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. வருடக்கணக்கில் வேலையின்றிச் சுவரைப் பார்த்துக் கிடந்த கணவன் ஆல்பன் இப்போது செங்கல் சூளைக்குப் போய்வருகிறான். துணிக்கடை யூதக் குடும்பம் ஊரைவிட்டுப் போனது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் கடையின் நிலைக்கண்ணாடி இப்போது அவள் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அங்கே போனால் அஃப்ரா அதில் முகம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டில் 'ஆமாம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்குப் பொத்தான் அளவு. எல்லோரும் மேசையிலேயே, எல்லோரும் பார்க்க, பெரிய வட்டத்தில் குறியிட்டார்கள். ரகசியமாகக் குறியிட விரும்புகிறவர்களுக்கென்று மூலையில் கட்டிய துணி மறைப்பு சும்மா தொங்கியது.

ஊர் மருத்துவச்சி கிரெசென்ஸ் சீட்டை வாங்கினாள். மேசையைத் தாண்டினாள். மறைப்புக்குள் போனாள்.

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. கிரெசென்ஸ் வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டு, வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டு நடந்தாள். பதில் வணக்கம் யாரும் சொல்லவில்லை.

மாலையில் முடிவை வாசித்தார்கள்: ஊர் முழுக்க 'ஆமாம்'. ஒரு 'இல்லை' கூடக் கிடையாது. ஆனாலும் மறுநாள் கிரெசென்ஸின் கதவில் தாரால் 'துரோகி' என்று எழுதியிருந்தது. போலீஸ் வரவில்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை.

பக்கத்து வீட்டு வால்புர்காவிடம் அஃப்ரா கேட்டாள். "எல்லாரும் ஆமாம்னுதானே போட்டிருக்காங்க? அப்போ அவங்களும் ஆமாம்தானே?"

"அது எனக்குத் தெரியாதுடி. நாம அத்தனை பேரும் பார்க்கப் போடுறோம், மகாராணிக்கு மட்டும் மறைப்பு கேக்குதா?"

வால்புர்காவின் மூன்று பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள் கிரெசென்ஸ்தான். அதன்பின் ஊரில் எந்தப் பிரசவத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. கோவிலில் அவள் உட்காரும் பெஞ்சு, வேறு யாரும் உட்காராமல் காலியாகக் கிடந்தது.

ஜூலையில் ஒரு நண்பகல் அஃப்ராவுக்கு வலி கண்டது.

"பக்கத்து ஊர்ல போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்றான் ஆல்பன்.

"கிரெசென்ஸம்மாவைக் கூப்பிடு."

"சூளையில என்ன பேசுவாங்க தெரியுமா?"

"பிள்ளை சூளைக்கா பொறக்குது? போய்யா."

கிரெசென்ஸ் பையோடு கடைத்தெரு வழியாகவே வந்தாள். "என்னடி இப்படி வெளுத்துக் கிடக்கே? மூச்சை விடு. நான் வந்துட்டேன்ல."

பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடியைக் கட்டும்போது அஃப்ரா மெல்லக் கேட்டாள். "அன்னிக்கு எதுல குறி போட்டீங்க?"

"அதைச் சொல்றதா இருந்தா உள்ளே எதுக்குடி போகணும்?"

"பயமா இல்லையா?"

"இல்லாம என்னடி? போகணும்னு நினைச்சுகூட வரலை. அந்த மூலை யாரும் இல்லாம கிடந்துச்சு. பார்த்ததும் கோபம் வந்துடுச்சு."

குழந்தையோடு கோவிலுக்குப் போன முதல் ஞாயிறு, அஃப்ரா அந்தக் காலிப் பெஞ்சில் கிரெசென்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளைச் சீராட்டி வளர்த்தவர்கள், அவள் கல்யாணத்தில் ஆடியவர்கள், அத்தனை பேர் பார்வையும் முதுகில் ஏறி உட்கார்ந்தது. தானும் ஏப்ரலில் இந்தப் பாரத்தில் ஒரு பங்காக இருந்தவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பூசை முடிவதற்குள் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. இதையா இந்த அம்மா இத்தனை மாதம் தனியாகச் சுமந்தாள் என்று வியந்து, பக்கவாட்டில் பார்த்தாள்.

கிரெசென்ஸ் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.