கை வைக்கக் கூடாத கின்னிக்கோழி

அந்தச் சனியனை நான் அடிக்கக் கூடாதாம். விரட்டக் கூடாதாம். சத்தமாக 'சூ' என்றால்கூட என் வீட்டுக்காரர் ரத்தினவேலுக்கு முகம் செத்துவிடுகிறது.

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ், தரைத்தளம். பின்பக்கம் துண்டு நிலத்தில் சில பெட்டைக்கோழிகளும் ஒரு செவலைச் சேவலும். அந்தச் சேவல் சும்மா வளர்ந்ததில்லை. போன வருஷம் என் வயிற்றில் கட்டி எடுத்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் ஊர்க் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டது. ஆடியில் ஊருக்குப் போய்ச் செலுத்த வேண்டும். கொண்டை, கண், கால் எதிலும் குறை இருக்கக் கூடாது. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவை ஸ்கேனுக்குப் படுக்கும்போதும் அந்தச் சேவல்தான் மனசில் வந்து நிற்கும். அது நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

மாற்றலாகிப் போன இவருடைய ஆபீசர், தன் பண்ணை வீட்டுக் கின்னிக்கோழியை இவர் தலையில் கட்டினார். ஆபீசரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமா இவருக்கு? அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"பாம்பு அண்டாதாம் வேணி. பூனை வந்தா கத்திக் காட்டிக் குடுத்துருமாம்."

பாம்பு எங்கே வந்தது ஆர்.கே.புரத்துக்கு? வந்தது இதுதான். சாம்பல் உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலை. இரை போட்டால் முதலில் தான் தின்னும். தின்று முடித்தும் மற்றவற்றை விடாது. பின்னாலிருந்து ஓடிவந்து பெட்டைகளின் முதுகு இறகைப் பிடுங்கும். சேவலைக் கண்டாலோ கேட்கவே வேண்டாம், கொண்டையைக் குறிவைத்துத்தான் பாயும். அதைக் கூண்டில் அடைத்துப் பார்த்தோம். தகரத்தை உலுக்குவது போல நாளெல்லாம் கத்தியது. மாடி வீட்டு அம்மா பால்கனியிலிருந்து, "பாபிஜி, இஸ்கோ சுப் கராவோ!" என்று, அதன் வாயை மூடச் சொல்லி அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். திறந்துவிட்டோம்.

"அம்மா, இது பாகல் மா, பைத்தியம். மார்க்கெட்ல குடுத்துடலாம். பஸ், கதம், விஷயம் முடிஞ்சுது," என்றாள் மகள் மதுமதி.

அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். இவர்தான், "ஆபீசர் போன் பண்ணி எப்பிடி இருக்குன்னு கேட்டா?" என்று இழுத்தார். சேவலைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாரக் கூடையைச் சேவல் மேல் கவிழ்த்து, பறந்துவிடாமல் இருக்கச் செங்கல்லும் வைத்துவிட்டு ஆபீஸ் போனார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஊரில் பஞ்சாரத்துக்கு வெளியே கின்னிக்கோழி கிடையாது. அது சுற்றிச் சுற்றி வந்து மூங்கில் இடுக்கு வழியாகக் கொத்தியிருக்கிறது. உள்ளே இருந்தது எங்கே ஓடும்? நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது சேவலுக்கு இடது கண் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்த மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து தெற்கே பார்த்துக் கும்பிட்டார்.

"கருப்பா, இது குறையாப் போச்சு. இதுக்குப் பதிலா அந்தக் கின்னிக்கோழியவே உனக்கு விட்டுட்டேன். அவளை விட்டுரு."

அட கடவுளே! இவர் வாயை மூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஊர்ப் பூசாரிக்குப் போன் போட்டோம்.

"கருப்பனுக்குச் சேவல்தானப்பா வெட்டு. ஒத்தக்கண்ணு ஆகாது. நீ சொல்ற புள்ளிக்கோழிய நான் கண்டதே இல்ல, வெட்டவும் மாட்டேன்," என்றார் அவர்.

"அப்ப அதை வித்துரலாமா அண்ணே?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அதெப்பிடி தாயி? வாய்விட்டு நேந்தாச்சுல்ல. இனி அது சாமி சொத்து. ஒரு கை படக் கூடாது."

வேறு சேவல் வாங்கலாம் என்றேன். வாங்கினால் அதையும் இது விட்டுவைக்குமா என்றார் இவர். சாமிக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம், அது மட்டும் ராஜா மாதிரி முற்றத்தில் உலாத்துகிறது. இவர் தினமும் தன் கையால் கம்பு போடுகிறார். சேவலைக் குளியலறையில் வைத்தால் இரை எடுக்காமல் சுருண்டுவிடுகிறது. வெளியே விட்டால், கண் இல்லாத பக்கமாகவே வந்து கொத்துகிறது அந்தப் பாவி.

நாளைக்கு எனக்கு ஸ்கேன். எனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலையில் துணி உலர்த்த வந்தால், சேவலைக் கின்னிக்கோழி சுவர் மூலையில் மடக்கிப் போட்டுக் கொத்திக்கொண்டிருக்கிறது. மண்ணில் ரத்தம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கொடிக்கம்பை உருவி ஓங்கிவிட்டேன்.

"வேணி, வேணாம்டி!"

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடிவந்தார். கம்பைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கின்னிக்கோழியையும் பார்க்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. கம்பைக் கீழே போட்டேன். குனிந்து சேவலைத் தூக்கி முந்தானையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கின்னிக்கோழி வந்து என் காலைக் கொத்தியது. கொத்தட்டும் என்று நின்றேன்.