கேப்டன் உக்கிரபாண்டியின் தலை

ஐம்பத்தெட்டு வயதில் உக்கிரபாண்டிக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. உப்பூர்ப் பக்கம் கடற்கரையோரமாக விடுதியும் கோல்ஃப் மைதானமும் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு 2006-இல் சென்னைக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. நிலம் சேர்த்துக் கொடுத்தால் உங்களையே கிளப்புக்குக் கேப்டனாகப் போட்டுவிடுகிறோம் என்று எவனோ வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தான். மனிதர் அன்றைக்கே கேப்டன் ஆகிவிட்டார். வேட்டி போய்க் கால்சட்டை வந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி, இடது கைக்கு மட்டும் ஓர் உறை. இன்னொரு கைக்கு எங்கே என்று கேட்டவர்களிடம், “ஒனக்கெல்லாம் புரியாது” என்றார். அவருக்கும் புரியாது என்பது அவர் மனைவி சண்முகவள்ளிக்குத் தெரியும்.

கம்பெனி போட்ட படத்தில் மைதானத்துக்கு நட்டநடுவே அவளுடைய மிளகாய்க் கொல்லை இருந்தது. அவள் அய்யா அவள் பேருக்கு எழுதிவைத்த மூன்று குறுக்கம் நிலம். புருஷன் வழிச் சொத்தில் முக்கால்வாசி கோர்ட்டு வழக்கிலும் வெட்டிப் பந்தாவிலும் கரைந்துபோக, வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த மிளகாயால்தான். கையெழுத்துப் போடு, போடு என்று அவர் ஆறு மாதமாக உயிரை வாங்கினார். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அவள் சொல்லிவிட்டாள்:

“அந்தா தெரியுதுல்ல ரெண்டு பனை, அதுக்கு நடுவுல ஒரே ஒரு பந்த நேரா அடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்.”

ஏழேழு ஜென்மத்துக்கும் அது நடக்காது என்ற தைரியம்தான். அவர் அடிக்கிற லட்சணத்தை அவள் பார்த்திருந்தாள். மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே தலை மேலே கிளம்பிவிடும். பந்து எங்கே போகிறது என்பதைவிட, யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். பந்தின் உச்சியில் மட்டை உரச, அது தரையோடு தரையாக ஓடி வலது பக்கத்து ஓடைக்குள், சீமைக்கருவேலப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஊர் கூடி வேடிக்கை பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. அதன் பிறகு கேப்டன் ஒருவரையும் கிட்டே விடவில்லை.

கம்பெனி சேதுராமன் என்ற பயிற்சியாளனை அனுப்பியது. ராமநாதபுரத்தில் ரூம் போட்டுத் தங்கி, தினமும் காலையில் வந்தான். நல்ல பையன், பொறுமைசாலி. அதுதான் சண்முகவள்ளிக்குப் பிடிக்கவில்லை.

“அய்யா, கையில குறையில்ல, மட்டையிலயும் குறையில்ல. தலையத் தூக்குறீங்க. குனிஞ்சே இருக்கணும்.”

“குனியிறதா? எங்க பாட்டன் வெள்ளைக்காரன் முன்னாடியே குனியாதவரு, தம்பி.”

“வெள்ளைக்காரனே இதுக்குக் குனிஞ்சுதாங்கய்யா அடிக்கிறான்.”

கேப்டன் யோசித்தார். வெள்ளைக்காரனே குனியும்போது தானும் குனியலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். சேதுராமன் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சோடா மூடியை மண்ணில் அழுத்தி வைத்தான். பந்து போன பிறகும் மூடியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ‘ம்’ என்று சொன்னால்தான் நிமிர வேண்டும். பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பது அந்த ஆளின் வேலை.

அமாவாசையன்று சேதுராமன் தன் அம்மாவை ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட அழைத்துப்போய்விட்டான். மறுநாள் கம்பெனி ஆட்கள் வருவதாக இருந்தது. கேப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினார்.

“நீதான் ‘ம்’ சொல்லணும். சரியாப் பாரு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“நான் எதுக்கு மாறுறேன்? அடிங்க.”

அவர் குனிந்தார். மட்டை பின்னால் போய்ச் சுழன்று வந்தது. தலை அசையவே இல்லை. ‘டக்’கென்று ஒரு சத்தம். பந்து எழும்பி, இரண்டு பனைக்கும் சரி நடுவே போய், அவளுடைய மிளகாய்ச் செடிகளுக்குள் இறங்கி மறைந்தது.

சண்முகவள்ளி அது இறங்கிய இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்க அழகாகவும் இருந்தது. செய்வதுதான் செய்தார், அதை இதிலா செய்ய வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவர் சோடா மூடியை முறைத்தபடியே நின்றார். “சொல்லு புள்ள, இடுப்பு போகுது.”

அவள் பதறவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பாவ புண்ணியம் பார்க்கவில்லை. “ம்” என்றாள்.

அவர் வெடுக்கென்று நிமிர்ந்தார். “எங்க போச்சு?”

“எங்க போகும்? வழக்கம்போல ஓடைக்குள்ளதான்.”

நம்பாமல் ஓடைக்குள் இறங்கினார். கருவேல முள் கையெல்லாம் கிழிக்க, புதரைப் பிரித்துத் தேடினார். பல நாளாக அவர் அடித்துத் தொலைத்தவை அங்கே ஏராளமாகக் கிடந்தன. ஒன்று கைக்கு அகப்பட்டது. அதைத் துடைத்துக்கொண்டே மேலேறி வந்தார். தொப்பியைக் காணவில்லை.

“தலையத் தூக்கவே இல்லையே, வள்ளி. சத்தம்கூட நல்லாத்தான கேட்டுச்சு?”

“சத்தத்துக்கு ஒங்ககிட்ட என்னைக்குக் குறைச்சல்?” என்றாள் சண்முகவள்ளி.