இஞ்சு டேப் அக்காவுக்கு ஒன்றரை நிமிஷம்

செய்யாத குற்றத்துக்குப் பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு என் தம்பி வெளியே வந்த அன்று, சிறை வாசலில் பதினேழு கேமரா. பதினேழும் வழக்கைப் பற்றி எழுதிய நிருபரைப் பிடித்தன, வழக்கறிஞரைப் பிடித்தன. ஏதோ பெரிய ஆள் என்று நினைத்து என்னைக்கூடப் பிடித்தன. அவனை வெளியே கொண்டுவந்த ஆளை மட்டும் ஒன்றும் பிடிக்கவில்லை. அவள் கூட்டத்துக்குப் பின்னால், தம்பிக்கு மாற்றுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள்.

கடைத்தெருவில் அவளுக்கு இஞ்சு டேப் என்று பெயர். கழுத்தில் அது இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. என் துணிக்கடைக்கு எதிர் மாடியில் கோட்டு தைப்பவள். எங்களுக்கு உறவில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா.

நடந்தது இதுதான். தம்பி வேலை பார்த்த கிடங்கில் காவலாளியை அடித்துப்போட்டுவிட்டு எவனோ திருடினான். ஓடுகிற அவசரத்தில் கோட்டை விட்டுவிட்டுப் போனான். அதைத் தம்பிக்குப் போட்டுப் பார்த்தார்கள். பொருந்துகிறது என்றார்கள். கதை முடிந்தது.

கோட்டைத் தொங்கவிட்டு எடுத்த படம் பேப்பரில் வந்தது. அக்கா என் கடைக்குள் வந்து பேப்பரை மேஜைமேல் போட்டாள்.

"இது உன் தம்பி கோட்டு இல்லப்பா."

"பொருந்துதுன்னு போலீஸ் சொல்றாங்களே அக்கா."

"அவங்களுக்கென்ன, சைக்கிளுக்குச் சாக்கு மாட்டினாலும் பொருந்துதும்பாங்க. இடது கையைப் பாரு. குறைச்சுத் தச்சிருக்கு. தோள் சாஞ்ச ஆளுக்குத்தான் அப்படித் தைப்போம். உன் தம்பிக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்தேன். ரெண்டு கையும் ஒரே நீளம்."

அளவு நோட்டைத் திறந்து காட்டினாள். தேதியோடு இருந்தது.

அதைச் சொல்லப்போன இடத்திலெல்லாம் "நீங்க யாரு?" என்றார்கள். மனைவியா? இல்லை. கூடப் பிறந்தவளா? இல்லை. வக்கீலா? இல்லை. அப்படியானால் மனு செல்லாது. தன் கடைக்கு விடுமுறையான வியாழக்கிழமைதோறும் சாட்சிப் பொருள் அலுவலகத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஏழு வருஷம். அங்கிருந்த பியூனின் பேன்ட்டுக்கு ஓரம்கூட அடித்துக் கொடுத்திருக்கிறாள். எட்டாவது வருஷம் ஒரு வக்கீலைப் பிடித்து இழுத்துவந்தாள். ஒன்பதாவது வருஷம், நிருபருக்கு அவள் எழுதிய பதினாலாவது கடிதத்துக்கு அவர் வந்தார். கோட்டு வெளியே வந்தது, நோட்டு வெளியே வந்தது, கடைசியில் தம்பி வெளியே வந்தான்.

வக்கீலும் நிருபரும் நல்லவர்கள். குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் செய்தியில், கோட்டின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது நிருபரின் கழுகுக் கண். அக்கா, ஒரே ஒரு பேப்பரில், ஏழாம் பக்கத்தில், 'குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர்'.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. பிடித்த சரக்கைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று எங்கள் வீட்டில் வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் விலை ஏறிவிடும். அம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த அப்பாவே "பரவாயில்லை" என்றுதான் சொன்னாராம். அந்தப் பழக்கத்தில் பன்னிரண்டு வருஷமும் அக்காவிடம் ஒரு நன்றி சொன்னதில்லை. அன்று கேமரா என் மூஞ்சிக்கு நேரே வந்தபோதும் "எல்லாருக்கும் நன்றி" என்று மொத்த வியாபாரமாக முடித்துவிட்டேன்.

பிறகு ஒரு டிவிக்காரர் தம்பியின் கதையை ஒரு மணி நேரப் படமாக எடுக்க வந்தார்.

"நம்ம படத்துல மூணு பேரு சார். தம்பி, வக்கீல், நிருபர். நாலாவதா ஒரு ஆள் வந்தா ஜனங்க குழம்பிடுவாங்க."

"நாலு பேரைப் பார்த்தாலே குழம்புற ஜனங்க பஸ்ல எப்படி சார் போறாங்க?"

அக்காவுக்குப் பதினைந்து நிமிஷம் கேட்டேன். முடியாது என்றார். தம்பி வர மாட்டான் என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுக்க எழுந்தேன். அரை நிமிஷம் என்றார். ஷட்டர் பாதி இறங்கியது. ஒன்றரை நிமிஷத்துக்கு வந்தார், அக்காவைப் பற்றித் தனியாக ஒரு பகுதி. கை குலுக்கிவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை நிமிஷத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தனியாவா?"

"ஆமாக்கா. முழுக்க உனக்கே."

"நீயெல்லாம் துணி விக்கிறவனாடா? படம் நீளமாப் போச்சுன்னா முதல்ல எதுல கத்தரி வைப்பான்? ஓரத்துல தனியாத் தொங்குறதுலதானே?"

துணிக்கடைக்காரனுக்குத் துணிப் பாடம்.

"அக்கா, உன் பேரு வரணும்னு ஆசையா?" முதல்முறையாகக் கேட்டேன்.

"இல்லாம? நான் என்ன கல்லா?" மேஜை டிராயரை இழுத்துத் திரும்பி வந்த கவர்களை எடுத்துப் போட்டாள். "ரொட்டிக் கடைக்காரி இருக்காளே, அவ புருஷன் உள்ளே போய் நாலு வருஷம். சாட்சி ஒரு ஜோடி கையுறை. தையலைப் பார்த்தா யாருதுன்னு சொல்லிடுவேன். பார்க்க விடுங்கன்னு சாட்சிப் பொருள் ஆபீசுக்கு எழுதினா, பிரிக்காமயே திரும்பி வருது. நான் யாருன்னு தெரிஞ்சா கவரையாவது பிரிப்பானில்ல?"

"அப்போ துணி மேல அச்சடிச்சா போதாதுக்கா. நூல்லயே சாயம் ஏத்தணும். கிழிச்சாலும் நிறம் போகாது."

"இப்பத்தான் துணிக்கடைக்காரன் பேசுறான்."

மத்தியானமே தம்பியிடம், அவன் பேசுகிற இடமெல்லாம் அக்கா வரவேண்டும் என்று சொல்லி, என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உண்மையைச் சொல்றதுக்கு என்ன ஒத்திகை அண்ணே?"

படப்பிடிப்பு என் கடையிலேயே நடந்தது.

"சிறையில முதல் வாரம் எப்படி இருந்துச்சு?"

"அக்கா கடுதாசி வந்துச்சு. உன் கை ரெண்டும் சமம், மறந்துடாதேன்னு எழுதியிருந்தாங்க."

"நிருபரை முதல்ல பார்த்தப்போ?"

"அக்காவோட பதினாலாவது கடுதாசியைக் கையில வச்சிருந்தாரு."

"தீர்ப்பு சொன்ன நிமிஷம்?"

"நீதிபதி, அக்காவோட அளவு நோட்டை மூடினாரு. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

டிவிக்காரருக்கு வேர்த்தது. "தம்பி, அக்கா இல்லாம ஒரு தடவை சொல்லுங்களேன்?"

"அக்கா இல்லன்னா நான் உள்ளேதான் சார் இருப்பேன். அங்க வந்து படம் எடுங்க."

அடுத்து உட்கார்ந்த நிருபர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "நான் எதையும் கண்டுபிடிக்கல. அந்தம்மா காட்டினாங்க, நான் பார்த்தேன். இதை எல்லாப் பேட்டியிலும் சொல்லியாச்சு. எல்லாத்துலயும் வெட்டியாச்சு." அந்த மனிதரையும் மனதுக்குள் தவறாக எடை போட்டிருந்தேன். அவருக்கும் என் நன்றி.

என் முறை வந்தது. நாள் பூரா விலை பேசுகிற வாயில் ஒரு வரிதான் வந்தது. "எங்க அக்கா ரொம்ப நல்லவங்க" என்றேன். சின்னப்பிள்ளை வாசகம்தான், ஆனால் அதைச் சொல்லவே எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. "நன்றிக்கா." கேமராவுக்குப் பின்னால் நின்ற அக்கா, என் காலர் மடிந்திருப்பதாகச் சைகை காட்டினாள்.

படம் வந்தது. நான் கைகுலுக்கி வாங்கிய ஒன்றரை நிமிஷம் அதில் இல்லவே இல்லை. சுத்தமாக வெட்டிவிட்டார்கள். ஆனால் தம்பி பேசிய இடமெல்லாம் அக்கா இருந்தாள், நிருபர் பேசிய இடமெல்லாம் இருந்தாள். அவளை உருவினால் படமே மிஞ்சாது.

மூன்றாம் வாரம் அக்கா மாடியிலிருந்து கடிதத்தை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். கையுறைகளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்வையிடலாம் என்று போட்டிருந்தது. அவள் பெயருக்கு முன்னால் 'திருமதி' வேறு.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

"நீ எதுக்குடா?"

"பை தூக்க."

"வா. ஆனா அங்க வந்து பேரம் பேசாதே."

ரொட்டிக் கடைக்காரி பின் சீட்டில் அந்த நாலு வரிக் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டே வந்தாள்.