என் முகத்தைப் பார்த்துப் பேசியவர்

"தம்பி, சிரமம் பாக்காம ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க. பேசலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு" என்று நாகஜோதி அக்கா கைப்பேசியில் கூறினார்.

"வந்தர்றேனுங்க அக்கா. ஆனா நான் வந்து என்னங்க செய்யப் போறேன்?"

"உங்களத்தான் கேக்குறாரு. ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்தி, விரலு எடையில பாத்துப் பாத்துக் காட்டுனாரு. மொதல்ல எனக்குப் புரியல. அப்புறந்தான் உங்களச் சொல்றாருன்னு தெரிஞ்சுச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அக்காவின் கணவர் காசிமாயன் அண்ணன் உசிலம்பட்டிக்காரர். பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். அவரும், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லரான முனீசும், கணக்கு எழுதும் நானும் நல்லூரில் ஒரு மாடி அறையில் மூன்றாண்டுகள் ஒன்றாகக் குடியிருந்தோம். வியாழக்கிழமை இரவுகளில் ஒரு பேய்த் தொடர் ஒளிபரப்பாகும். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் சாமியப்பன் விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் புறப்படுபவர் ஆகையால், அவர் படுத்த பின் மாடியில் சத்தம் கேட்கக் கூடாது என்பது குடிவந்த அன்றே பேசிய பேச்சு. எனவே தொலைக்காட்சியின் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிடுவோம். எல்லாப் பாத்திரங்களுக்கும் அண்ணனே அடித்தொண்டையில் பேசுவார்.

"அடேய், சரக்கு இன்னும் பேக்கிங் போகலையா? ஒன் ரத்தத்தக் குடிக்காம விட மாட்டேன்டா" என்று வெள்ளைச் சேலைப் பேய்க்குப் பேசுவார். முனீஸ் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். அடுத்த நொடியே அண்ணன் குரலை மாற்றி, பேயை அழ வைப்பார். அப்போது நான் கண்களைப் பொத்திக்கொள்வேன். அண்ணன் திரையைப் பார்ப்பது அரிது. என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "அருளு மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. அவன் பயந்தாத்தான் நான் பேசுனது பேச்சு" என்பார்.

ஆர்டர்கள் குறைந்த ஆண்டில் அறை கலைந்தது; அவர்கள் இருவரும் போன பின் நான் மட்டும் கொஞ்ச காலம் அங்கே இருந்தேன். இன்றும் எந்த வீட்டிலாவது ஒலி வைத்துத் தொலைக்காட்சி பார்க்க நேர்ந்தால், யாரோ அந்நியர்கள் பேசுவதைப் போலவே எனக்குத் தோன்றுகிறது.

அண்ணனின் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியைக் கோவை மருத்துவமனையில் அப்போதுதான் அகற்றியிருந்தார்கள். குரல் நரம்பை ஒட்டியது என்றும், அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் மாறலாம், போகவும் போகலாம் என்றும் மருத்துவர் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். அந்தக் குரலை முதலில் நான் கேட்க வேண்டும். என் முகத்தில் அவர் அதை அறிந்துகொள்ள வேண்டும். இதற்காகத்தான் அழைத்திருக்கிறார்.

கோவை செல்லும் பேருந்தில், சன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சாந்தமான முகம் ஒன்றை வைத்துக்கொள்ளப் பழகினேன். அவிநாசி வருவதற்குள் அது இரண்டு முறை கலைந்துவிட்டது.

கழுத்தில் கட்டுடன் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"அண்ணா, தப்பா நெனைக்க வேண்டாமுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுக் கேக்கட்டுங்களா?"

அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"எங்கிட்டப் பேசுனா, எப்படி இருந்தாலும் நல்லாருக்குன்னுதான சொல்லுவேன். அந்தச் சந்தேகந்தான் இவருக்கு" என்றார் அக்கா, சுவரோரமாக நின்றபடி. அவர் கையில் பிளாஸ்க்கின் மூடி திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அண்ணன் எச்சில் விழுங்கினார். அது அவருக்கு வலித்தது. நான் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"ரூம... காலி பண்ணிட்டியா?"

இஸ்திரிப் பெட்டியிலிருந்து நீராவி சீறுவது போல ஒரு காற்று வந்தது. அதற்குள் எங்கோ சொற்கள் இருந்தன. பேயை அழ வைத்த தொண்டை அதில் இல்லை. என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணனின் கண்கள் அதன்மீது சிறிது நேரம் நின்று, பிறகு கீழே தாழ்ந்தன. அதில் தெரிந்துகொண்டேன்.

நல்ல வார்த்தை ஏதேனும் சொல்லியாக வேண்டும். "நல்லா..." என்று தொடங்கினேன். மேலே வரவில்லை.

"பயமா இருக்குங்கண்ணா" என்றேன்.

"எனக்கும்" என்றது அந்தக் காற்று.

அடுத்த கட்டிலில் ஒருவர் இருமினார். அண்ணன் மீண்டும் வாய் திறக்க மாட்டார் என்றே நினைத்தேன். என் முகமே அவர் வாயை அடைத்துவிட்டது என்று எண்ணினேன். அவரோ கையால் என்னை அருகில் அழைத்தார்.

"முனீஸு?"

"ஊருக்கே போயிட்டானுங்கண்ணா. அங்க டெய்லர் கடை வச்சிருக்கான்."

"சிரிக்கிறானா?"

"போன்ல சிரிக்கிறானுங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் பின் அவர் மூச்சு வாங்கினார். அடுத்த சொல் வராமலே போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் வாயருகே குனிந்தேன். என் முகத்தை அவர் இப்போது பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் அக்காவின் பக்கம் திரும்பி, எனக்குச் சாப்பாடு வாங்கி வரும்படி கூறினார். அக்காவுக்கு அது கேட்கவில்லை. அண்ணன் அதே குரலில் இன்னொரு முறை கூறினார்.