நல்ல சேதிக்கு ஒரு செம்மறிக்குட்டி

"சுயுன்சு! பெரியண்ணி, சுயுன்சு!"

எங்கள் கொழுந்தன் குதிரையை நிறுத்தக்கூட இல்லை. கொடியில் நான் காயப்போட்டிருந்த துணியெல்லாம் தோளில் மாட்டிக்கொள்ள, கல்யாணக் குதிரை மாதிரி முற்றத்துக்குள் பாய்ந்து வந்தான். காலையிலிருந்து துவைத்தது. போச்சு.

எங்கள் மலைநாட்டில் யாராவது இந்த வார்த்தையைக் கத்திக்கொண்டு ஓடி வந்தால் நல்ல சேதி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் முதலில் கையில் பரிசு விழவேண்டும், அப்புறம்தான் வாய் திறக்கும். கொடுத்ததைத் திருப்பி வாங்கும் பேச்சே கிடையாது. அதனால் நல்ல சேதி என்றால் ஊரில் பாதிப் பேர் காலில் சக்கரம் கட்டிக்கொள்வார்கள்.

இவன் பெயர் டோக்டோசுன். வீட்டுக்கு வந்த மருமகள்கள் புருஷனின் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் ஷாயிர்குல் அக்கா கல்யாணமாகி வந்த அன்றைக்கே, மூக்கொழுகிக்கொண்டு நின்ற நாலு வயதுப் பையனைப் பார்த்து 'வாலு' என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது அவனுக்கு மீசை முளைத்து, மோவாய் அகன்று, ஆள் கதவளவு இருக்கிறான். பெயரை மாற்றுகிற மாதிரி இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் மூத்த மருமகள், நான் இரண்டாவது. எங்கள் இருவர் புருஷன்மாரும் ருஷ்யாவில் கட்டட வேலை. வீட்டில் ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள இந்த வாலு மட்டும்தான்.

"என்னடா?"

"முதல்ல சுயுன்சு."

"எனக்கே மூச்சு வாங்குது. சொல்லித் தொலையேண்டா."

"முறைன்னா முறைதான் பெரியண்ணி."

அக்கா பட்டியைப் பார்த்தாள். "அந்தக் கறுப்புக் காதுக் குட்டியை எடுத்துக்கோ. இப்ப வாயைத் தொற."

"தடுப்பூசி வந்துடுச்சு! ஆஸ்பத்திரி வாசல்ல வேன் நிக்குது. ஐஸ் பெட்டியை இறக்குறதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

நான் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டேன். மெதுவாகத்தான். அவளை இறுக்கிக் கட்டிக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை.

அக்காவின் மண்ணீரலில் ஒரு நீர்க்கட்டி. நாய்களிடமிருந்து வருகிற புழு செய்கிற வேலை. எங்கள் பள்ளத்தாக்கில் இதற்காக வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள், அதனால் பெயரைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டர் நுர்சுலு ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டுத்தான் பயந்தோம். கட்டி பெரியது, மண்ணீரலோடு சேர்த்துத்தான் எடுக்கவேண்டும். அடிபட்டு உடைந்தால் உயிருக்கே ஆபத்து. குதிரை கூடாது, பளு கூடாது, குலுங்கக் கூடாது. மண்ணீரல் இல்லாத உடம்பைச் சில கிருமிகள் சுலபமாகச் சாய்த்துவிடும். அதனால் அறுவைக்கு முன்பே தடுப்பூசி போட்டாகவேண்டும், போட்டபின் முழுதாய் இரண்டு வாரமாவது உடம்புக்கு அவகாசம் வேண்டும்.

அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. தடுப்பூசி போடக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அறுவைக்கு அடுத்த தேதி குளிர்காலம் கழிந்துதான். ஊசி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வியாழக்கிழமை வரை இழுத்துவிட்டார்கள். அன்றைக்கு வியாழக்கிழமை.

மூவரும் உடனே கிளம்பினோம். வாலு குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான், ஊரெல்லாம் பார்க்கவேண்டுமாம். ஆஸ்பத்திரிக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஒரே வளாகம். நர்ஸ் எங்களைப் பார்த்து விழித்தாள்.

"அந்தப் பெட்டியா? அது ஆட்டம்மைக்கு வந்த மருந்து அக்கா. மனுஷங்களுக்கு வந்தா நான் சொல்லமாட்டேனா?"

"மனுஷங்களுக்கு எப்ப வரும்?"

"வந்தா வரும்."

நான் வாலுவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் வெந்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கால்நடை மருத்துவர் வந்தார். குட்டியும் கையுமாக நின்றவனை மெச்சிக்கொண்டு, "பரவாயில்லையே, நீதான் முதல் ஆளு!" என்று ஊசியை எடுத்துக் குட்டிக்குச் சுருக்கென்று போட்டுவிட்டுப் போய்விட்டார்.

குட்டி 'மே' என்றது.

அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரிப்பு வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, சிரித்தால் ஆளே குலுங்குவாள். நான் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தேன். "குலுங்காதே! அக்கா, சிரிக்காதேன்னு சொல்றேன்ல!"

"எனக்கு வந்த ஊசியை ஆடு போட்டுக்கிச்சுடி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை கண்ணிலேயே நின்றுவிட்டது. "சால்கின், இந்தக் கட்டியோட இன்னொரு குளிர்காலம் என்னால முடியாதுடி."

இருபது வருடத்தில் 'என்னால் முடியாது' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாலுவின் காதைப் பிடித்துத் திருகினேன். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் குதிரை ஏறியிருக்கிறான்! ஆம்புலன்ஸ் டிரைவர் முந்திவிடுவானோ என்று பயமாம்.

டாக்டர் நுர்சுலுவுக்குப் போன் போட்டேன். "மருந்து உங்களைத் தேடி வரலைன்னா நீங்க மருந்தைத் தேடி வாங்க," என்றார். பிஷ்கெக்கில் ஒரு கிளினிக்கில் இருக்கிறதாம், எடுத்துவைக்கச் சொல்வாராம். "நாளைக்கு அவங்க பூட்டுறதுக்குள்ள வந்துடணும். ஆனா வண்டியைக் குலுக்காம ஓட்டிட்டு வாங்க."

டோலோன் கணவாய் வழியாகக் குலுக்காமல் வண்டி ஓட்டுவதா? அந்தப் பாதையில் நான் போன தடவை போனபோது வாயிலிருந்த பல்லையே எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

வாலு குட்டியைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் விட்டான். "வேணாம் பெரியண்ணி. இதை நீங்களே வச்சுக்கோங்க."

"கொடுத்ததைத் திருப்பி வாங்குற குடும்பமாடா இது? நீ வாங்கியாச்சு. இனிமே நீ சொன்ன சேதியை நிஜமாக்குறது உன் பாடு."

வாலு ரொம்ப நேரம் யோசித்தான். அவன் யோசித்தால் வேறு தொல்லை வரும். வந்தது. "அப்படின்னா சேதி நிஜமாகுற வரைக்கும் இது எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல. கூடவே வரட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அக்காவின் சீர்வரிசை மெத்தைகள் எல்லாவற்றையும் காரின் பின்சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் அவளை ஏற்றினோம். தலை கூரையில் முட்டியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். டிக்கியில் குட்டி. நான் முன்சீட்டில், வாலுவைத் திட்டுவதற்கு வசதியாக.

பள்ளம் வந்தால் வாலு பிரேக்கைத் தடவுவான், பள்ளம் போனால் பறப்பான். "மெதுவாடா!" என்பேன். மணியைப் பார்ப்பேன். "என்னடா மாட்டு வண்டியா ஓட்டுறே?" என்பேன்.

"சின்னண்ணி, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

"ரெண்டும்தான்!"

கணவாயை ஒரு குலுக்கலும் இல்லாமல் தாண்டினோம். நானே அவனைப் பாராட்டலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, அவசரப்படவில்லை. கோச்கோர் ஊருக்கு முன்னால் நடுச்சாலையில் ஒரு மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் கத்தி.

அக்காவின் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி ஜுனுஷ். நாங்கள் அந்த வழியாக வருகிறோம் என்று எவனோ சொல்லியிருக்கிறான்.

"எங்க வாசலைத் தாண்டிப் போவீங்களா? நான் உசுரோட இருக்கும்போதா? இறங்குங்க, ஆடு கட்டியாச்சு!"

வேறு யாரென்றாலும் ஒதுங்கிப் போய்விடலாம். சம்பந்தி ஆடு அறுக்க நிற்கும்போது போனால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். இறங்கினாலோ ஆடு வேகிறதுக்குள் கிளினிக் பூட்டிவிடும். வாலு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான்.

நான் ஜன்னலிலிருந்து இடுப்புவரை வெளியே வந்தேன். "சம்பந்தி! இப்ப சாப்பிட்டா அடுத்த விருந்து எங்க அக்காவுக்கு நீங்க வைக்கிற கருமாதி விருந்துதான்! ரொட்டி கொண்டாங்க, தொட்டுட்டுப் போறோம், தொட்டாலே விருந்து சாப்பிட்ட மாதிரிதானே!"

வாயை மூடிக்கொண்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சம்பந்தி கத்தியைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடினார், ஓடின வேகத்தில் திரும்பி வந்தார். ஒரு கையில் சுடுரொட்டி, ஒரு கையில் பாலாடைக் கிண்ணம். "வண்டியை எடு! எடுடா!" என்று வாலுவிடம் கத்திக்கொண்டு காரோடு சேர்ந்து ஓடியபடியே, ரொட்டியைப் பாலாடையில் முக்கி முக்கி எங்கள் வாயில் திணித்தார். எனக்கு ஒரு வாய், வாலுவுக்கு ஒரு வாய். அக்காவுக்குக் கொடுத்தது அவள் மூக்கில் அப்பியது.

"மெத்தை மேல ஏன் உக்காந்திருக்கீங்க சம்பந்தியம்மா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"உங்க வீட்டுப் பெருமை உயரமாச்சே, எட்டணும்ல!" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே சிரிக்க, நான் பின்பக்கம் எக்கி அவளைப் பிடிக்க, டிக்கியில் குட்டி கத்த, சம்பந்தி பின்னால் சின்னதாகிச் சின்னதாகிக் கிண்ணத்தை ஆட்டிக்கொண்டே நின்றார்.

கிளினிக்கில் நாங்கள் நுழைந்தபோது நர்ஸ் கோட்டைக் கழற்றிவிட்டு உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள். முதலில் அக்கா, பின்னால் நான், எனக்குப் பின்னால் குட்டி. குட்டியைப் பிடிக்க வாலு.

"அது எதுக்கு?" என்றாள் நர்ஸ்.

"அதுக்கு ஊசி போட்டாச்சு," என்றான் வாலு. "இவங்களுக்குத்தான் பாக்கி."

கடாவைக் காலால் அமுக்கிப் பிடிக்கிற அக்கா, ஊசியைப் பார்த்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று. முடிந்ததும், "அவ்வளவுதானா? இதுக்கா மலை தாண்டி வந்தோம்?" என்று நர்ஸையே அதட்டினாள்.

வெளியே வந்ததும் மூவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நட்டநடு பிஷ்கெக்கில், ஐஸ்கிரீம் கையில் உருக, குட்டி என் சால்வை நுனியை மெல்ல, நான் சாலையோரம் ஆடினேன். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வாலு இரண்டு கையையும் தூக்கி, "சுயு..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு!" என்றாள் அக்கா. "என்னை அறுத்துத் தைச்சு, நான் கண்ணைத் தொறந்து, நானே உன்னைச் சொல்லுன்னு சொல்ற வரைக்கும் அந்த வார்த்தை உன் வாயிலேருந்து வரக்கூடாது. வந்துச்சு, நாக்கை அறுத்து நாய்க்குப் போட்டுடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "நாய்க்குப் பச்சையா எதையும் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வேகவச்சுப் போடுவேன்."

வாலு தாயின் மேல் சத்தியம் செய்தான். அவனுக்குத் தாய் முகம் நினைவில்லை. சத்தியம் செய்யும்போது அக்காவின் தலையில்தான் கை வைத்தான்.

குறித்த நாளில் அக்காவை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் வாலுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தோம், எழுந்தோம், நடந்தோம். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நேரம் ஆக ஆக வாய் உலர்ந்துபோய், நான் தண்ணீர் குடிக்கக் கோடிக்குப் போனேன். திரும்பும்போது அறுவை அறையின் கதவு மூடிக்கொண்டிருந்தது, டாக்டர் நுர்சுலுவின் பச்சை உடுப்பு உள்ளே மறைந்தது. வாலு கதவருகே நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். கண் நிறையத் தண்ணீர். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

சின்ன நல்ல சேதிக்கே துணிக்கொடியை இழுத்துக்கொண்டு வருகிறவன், இன்றைக்கு ஊமையாக நிற்கிறான் என்றால் வேறு என்ன அர்த்தம்? சுவரைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தியிடம் நான் சொன்ன அந்த வாக்கு காதில் கேட்டது. என் அக்கா போய்விட்டாள், என் வாயால்தான் போனாள் என்றே நினைத்தேன்.

வாலு என் முன்னால் வந்து நின்றான். வாயைத் திறக்காமலே, மெதுவாகக் கையை நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முதுகில் நாலு அறை விட்டேன். "பாவி! சண்டாளா! உசுரை எடுத்துட்டியேடா!" அடித்துக்கொண்டே தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தேன். காதிலிருந்த தோட்டைக் கழற்றி வைத்தேன். மோதிரம் கழலவில்லை, எச்சில் தொட்டு உருவி அதையும் வைத்தேன். அவன் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவளவு ஆள், என் தோளில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதான்.

அக்கா கண் திறந்தபோது இருவரையும் உள்ளே விட்டார்கள். அவள் என் மொட்டைக் காதைப் பார்த்தாள், வாலுவின் கையில் இருந்த தலைத்துண்டைப் பார்த்தாள். காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ம். சொல்லுடா."

"சுயுன்சு!"

மாடி முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து வாலுவைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாள். அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குது, வலிக்குது," என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இந்தத் தடவை நான் அவளைத் தடுக்கவில்லை.